கொசு வந்த திசை

கொசு பிடிக்கிற உத்தியோகம் பார்த்தவன் நான். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காக்கி அரை டிராயர், ஒரு கண்ணாடிக் குழல், ஒரு நோட்டு, இவ்வளவும் கொடுத்து, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் முழங்கால் வரைக்கும் காலைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். காலில் கொசு உட்கார்ந்ததும் அது குத்துவதற்குள் குழலை அதன்மேல் வைத்து, பின்னால் செருகியிருக்கும் ரப்பர் குழாயை வாயால் உறிஞ்ச வேண்டும். கொசு வாய்க்குள் போய்விடாதபடி நடுவில் சல்லாத்துணி கட்டியிருக்கும். அந்தத் துணி கிழிந்த நாட்களும் உண்டு. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் தெரு ராயபுரத்தில் கடலை ஒட்டி இருந்தது. முழுக்க முழுக்க கட்டுமரக் குடும்பங்கள். நான் மட்டும் விதிவிலக்கு. அலையைத் தாண்டியதும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பேன். இரண்டு வருஷம் முயற்சி செய்துவிட்டு அப்பாவே, "நீ கரையில கெட. மரத்த நாறடிக்காத" என்று இறக்கி விட்டுவிட்டார். அப்புறம் ஒரு வருஷத்தில் அவரும் போய்விட்டார். எட்டாவது படித்திருந்ததால் இந்த வேலை கிடைத்தது.

தெருவில் ஒருத்தன் பாக்கியில்லை, எல்லோரும் கிண்டல் பண்ணினார்கள். "இன்னா மாமு, இன்னிக்கு பாடு எப்டி? கூடை கொண்டாரட்டா?" என்பார்கள். பாடு என்றால் வலையில் விழுந்த மீன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இருந்தது. என் அம்மாவுக்கு வலது கால் யானைக்கால். முழங்காலுக்குக் கீழே திரண்டு, தோல் கறுத்து, மாதம் ஒரு தடவை குளிர் ஜுரம் வந்து படுத்துவிடுவாள். எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல, வீட்டுக்கு ஒன்று இருக்கும். ஆனால் அந்த வருஷம் தைமாதம் என் தங்கைக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டி ஜுரம் வந்தது. அவளுக்குப் பதினேழு வயது. மாசியில் மறுபடியும் வந்தது. அது என்ன ஜுரம் என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கால் இன்னும் வீங்கலை. இனிமே கொசு கடிக்காம பார்த்துக்கோங்க. கடி கூடக் கூட நோய் கூடும்" என்றார். வீட்டுக்குப் பின்னால் மூன்றடி தள்ளிச் சாக்கடை. ஒரே அறை. கொசுவலை வாங்கலாம், அதைக் கட்ட அந்த அறையில் இடம் வேண்டுமே! எனக்கு வந்த ஆத்திரத்தில் டாக்டரையே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதனால்தான் கொசு ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஓடினேன். ஆபீசின் ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெருக்காரன் ஒருவனே உட்கார்ந்து கொசு பிடிக்க வேண்டும். நாலு வாரம் முடிந்ததும் எந்தத் தெருவில் நிறையக் கொசு சிக்குகிறதோ அந்தத் தெருச் சாக்கடைக்கு முதலில் கறுப்பு எண்ணெய் ஊற்றுவார்கள். எண்ணெய் ஊற்றினால் கொசுப்புழுவெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப் போகும். பீப்பாய் கொஞ்சம்தான், எல்லாத் தெருவுக்கும் அந்த வருஷம் வராது. குழலில் ஏறியதுதான் கணக்கு, கடித்துவிட்டுப் பறந்தது கணக்கில்லை.

இதையெல்லாம் நான் வீட்டில் விளக்கவில்லை. "எண்ணெ நம்ப தெருவுக்குத்தான் மொதல்ல வரும். நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவைத்தேன். அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தங்கை அன்றிலிருந்து நான் கிளம்பும்போது குழலைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுப்பாள்.

முதல் நாள் இரண்டு கொசு. மறுநாள் ஒன்று. மூன்றாம் நாள் ஒன்றுமே இல்லை.

நம்ப முடிகிறதா? எங்கள் தெருவில்! வாயைத் திறந்தால் கொசு உள்ளே போகிற தெருவில்! வியாசர்பாடியிலிருந்து வந்த என் தோஸ்து ஒருவன், அவன் தெருவில் உட்கார்ந்து தினமும் முப்பது, நாற்பது என்று புட்டியில் அடைத்துக் கொண்டுவந்து ஆபீசில் வைப்பான். அவன் புட்டியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கறுப்பாக மொய்க்கும். என் புட்டியில் ஒன்றே ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஸ்பெக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க தெரு பரவாயில்லையே, சுத்தமா வச்சிருக்காங்க போல" என்றார். அவர் மதுரைப் பக்கத்து மனிதர், கெட்டவரில்லை. எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். கொசுவுக்கு வேர்வை நாற்றம் பிடிக்கும் என்றார்கள், மூன்று நாள் குளிக்கவில்லை. அழுக்குப் பனியனைத் துவைக்காமல் மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "ரத்தம் இனிப்பா இருந்தா வரும் நைனா" என்றார். வெல்லமாகத் தின்று வயிறு கெட்டதுதான் மிச்சம். பனியன் மட்டும் கொஞ்சம் வேலை செய்தது. கொசு நிறைய வந்தது. வந்து என்ன? கால் பக்கம் ஒன்றும் வராது, முதுகிலும் கழுத்திலும் பிடுங்கும். திரும்பி அடிப்பதற்குள் போய்விடும். குழலை முதுகுக்குக் கொண்டுபோக எனக்கு மூன்றாவது கையா இருக்கிறது?

நான் எப்படி உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் எங்கே உட்கார்ந்தாலும் காற்று வரும் பக்கம் முகத்தை வைத்துத்தான் உட்காருவார்கள். சோறு தின்றாலும், வலை தைத்தாலும், சண்டை போட்டாலும் அப்படித்தான். காற்றுக்கு முதுகு காட்டுகிறவன் கடல் தெரியாதவன். நான் கடலுக்குப் போகாதவன் என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் ரோஷம் இன்னும் ஜாஸ்தி. வாந்தி எடுத்தாலும் காற்று எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டுமல்லவா? சாயங்காலக் காற்று தென்கிழக்கிலிருந்து வரும். துறைமுகத்துக் கரித்தூள் அந்தக் காற்றோடு வந்து கொடியில் காயும் துணியில் படியும். மணல் அந்தக் காற்றோடு வரும். கரித்தூளைவிட எடை குறைந்த கொசு மட்டும் வேறு எப்படி வரும்? அதனால் கள்ளிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, காற்றைப் பார்த்துக் காலை நீட்டி, கண் கொட்டாமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதுகில் கடிப்பதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். காற்று வேகத்தில் வருகிற கொசு நிறுத்த முடியாமல் என்னைத் தாண்டிப் போய், அப்புறம் திரும்பி வந்து முதுகில் உட்காருகிறதாம். எவ்வளவு ஷோக்கான விளக்கம் பாருங்கள். நாலு வாரம் இந்த விளக்கத்தோடு உட்கார்ந்து, நாலு வாரமும் நோட்டில் ஒன்று, இரண்டு, பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலாவது வாரக் கடைசியில் ஒரு நாள் முதுகு தீயாக எரிந்தது. தங்கை சுண்ணாம்பு தடவிக்கொண்டே தடிப்புகளை எண்ணினாள். முப்பதுக்கு மேல் போனதும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"அண்ணா, முன்னால ஒண்ணுகூட இல்லியே. எல்லாம் பின்னாலதான் கீது."

நான் என் விளக்கத்தைச் சொன்னேன்.

"தாண்டிப் போவும்போது ஒண்ணுகூடவா கால்ல ஒக்காராது? அத்தினியும் தாண்டித்தான் போவுமா? அது இன்னா, பிரேக் இல்லாத லாரியா?"

"ஒனக்கு இன்னாடி தெரியும் காத்தப் பத்தி? தடவறதத் தடவு" என்று கத்தினேன்.

"தெரியாதுதான். ஆனா கொசு அங்கேருந்து வர்ல. பின்னாலேருந்து வருது. ஒன்னிய மாதிரி அதுக்கு கடலப் பாத்து ஒக்காரணும்னு வேண்டுதலா இன்னா?" என்று சுண்ணாம்புக் கிண்ணத்தை ணங்கென்று கீழே வைத்துவிட்டுப் போனாள்.

கோபம் அடங்க அரை மணி நேரம் ஆயிற்று. அவள் சொன்னதில் தவறு எங்கே என்று தேடினேன், அகப்படவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒரு குச்சியை மண்ணில் நட்டு, அதன் தலையில் வலை நூல் ஒரு முழம் கட்டினேன். நூல் வடமேற்கே நீண்டு ஆடியது. கள்ளிப்பெட்டியைத் திருப்பிப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, நூல் போகிற பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தேன். உடம்பு கூசியது. போகிற வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "இன்னா மாமு, கடலோட கோச்சிகினியா?" என்றான் ஒருவன். பத்து கஜம் தள்ளித் தரையில் அரிக்கேன் விளக்கை வைத்து, அதற்கு அந்தப் பக்கம் என் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், பறப்பது தெரியட்டும் என்று.

தெரிந்தது. இப்போது நினைத்தாலும் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கோபமும் ஆச்சரியமுமாக வருகிறது. கொசு காற்றோடு வரவேயில்லை. காற்றுக்கு எதிரே வந்தது. வேட்டிக்கு முன்னால் முதலில் அது பாட்டுக்குக் குறுக்கே அலைந்துகொண்டிருக்கும். திடீரென்று என் பனியன் நாற்றம் அதன்மேல் பட்டிருக்க வேண்டும். பட்டதும் சரேலென்று காற்றைப் பிளந்துகொண்டு என்னை நோக்கி ஒரு முழம், இரண்டு முழம் நேராக வரும். அப்புறம் நாற்றம் அறுந்துவிடும்போலிருக்கிறது. உடனே இடமும் வலமுமாக ஆடும். முதலில் சின்னதாக, பிறகு அகலமாக. சில சமயம் பின்னாலும் நழுவிப் போகும். மறுபடி எங்கேயோ நாற்றத்தைத் தொட்டதும் மறுபடி நேராக முன்னால். தொட்டால் முன்னே, விட்டால் குறுக்கே. இவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை. நாற்றம் கயிறு மாதிரி ஒரே நீட்டாக வருவதில்லை, காற்று அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போடுகிறது. அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி, கடுகளவு ஜீவன் என் கால்வரை வந்து சேர்ந்தது.

சந்தேகம் தீரவில்லை. பெட்டியோடு எழுந்து ஐந்து தப்படி வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். பாதி வழியில் இருந்த கொசு நான் முதலில் உட்கார்ந்திருந்த இடத்துக்கே கொஞ்ச தூரம் வந்தது. அப்புறம் தடுமாறி, குறுக்கே குறுக்கே அலைந்து, பின்னால் போய், நான் இருந்த பக்கம் வந்துவிட்டது. கண்ணால் பார்த்து வந்திருந்தால் எதற்கு இந்த அலைச்சல்? மூக்கு என்று ஒன்று அதற்கு இருக்கிறதோ இல்லையோ, மோப்பம் இருக்கிறது.

அன்றைக்கு முப்பத்தைந்து பிடித்தேன். எல்லாம் முன்னாலிருந்து, வரிசையாக, காலிலேயே வந்து உட்கார்ந்தன. உறிஞ்சி உறிஞ்சித் தாடை வலித்தது.

ஆபீஸ் வாசலில் தோஸ்துவிடம் புட்டியைக் காட்டினேன். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த கதையைச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"இத்தினி நாளு நீ காத்தப் பாத்தா ஒக்காந்துகினு இருந்த? நாய் எப்டி வரும்? மோப்பம் புட்ச்சிகினு காத்துக்கு எதிர வரும். ஈ வர்றதும் அப்டித்தான். கொசு மட்டும் இன்னா ஸ்பெசலா?"

"தெரிஞ்சிகினே ஏன்டா எனக்குச் சொல்லல?"

"நீ கேட்டியா? அதுவும் குப்பத்து ஆளு நீ. ஒனக்குப் போயி நான் காத்தப் பத்தி கிளாஸ் எடுக்கணுமா?"

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. அவன் சொன்னதில் தப்பே இல்லை.

உள்ளே போய் இன்ஸ்பெக்டர் மேஜையில் புட்டியை வைத்தேன். அவர் புட்டியைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், மறுபடி புட்டியைப் பார்த்தார்.

"நாலு வாரமா ஒண்ணு, ரெண்டு, பூஜ்யம். இன்னிக்கு முப்பத்தஞ்சா? எந்த மாட்டுக் கொட்டகையில பிடிச்சே?"

"சத்தியமா நம்ப தெருவுலதான் சார். நான் இத்தன நாளா தப்பா ஒக்காந்திருந்தேன் சார்."

"தப்பா உக்காந்தியா? உக்கார்றதுல என்னப்பா தப்பு சரி?"

காற்று, நாற்றம், நூல், வேட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பதற்றத்தில் முன்பின்னாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தம்பி, லிஸ்டு தயாராயிட்டிருக்கு. நாலு வாரம் நீயே எழுதி நீயே கையெழுத்துப் போட்டிருக்கே. இப்ப ஒரே நாள்ல மாத்துன்னா மேல என்னைக் கேப்பாங்க. என் உத்தியோகத்துக்கு உலை வைக்காதே."

"நீங்களே வந்து பாருங்க சார். ஒரே ஒரு நாள் வந்து ஒக்காருங்க. ஒங்க கால்ல பத்து கொசு ஒக்காரலன்னா இந்த வேலய வுட்டுட்டுப் போயிட்றேன்."

என்ன தோன்றியதோ, சரி என்றார். இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கினாள். தங்கை தெருமுனையைப் பெருக்கிச் சுத்தம் செய்தாள். நான், "பெருக்காத, கொசு வராம பூடும்" என்று அதற்கும் கத்தினேன். அவ்வளவு படபடப்பு.

இன்ஸ்பெக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்து விட்டுக்கொண்டு, நான் காட்டிய பக்கம் காலை நீட்டி, அடக்கமாகத்தான் உட்கார்ந்தார். அன்றைக்கென்று மத்தியானத்திலிருந்தே காற்று ஏறிக்கொண்டிருந்தது. கொடியிலிருந்த சேலைகள் படபடத்தன. என் குச்சியிலிருந்த நூல் கம்பி மாதிரி விறைத்து நின்றது. கட்டுமரங்களைக்கூட மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள். அப்படிக் காற்று அடித்தால் கொசுவால் பறக்கவே முடியாது, எதிரே வருவது இருக்கட்டும். அது வீட்டுக்குள்ளே சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அது தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? காற்றை நிறுத்தச் சொல்லி யாரிடம் போய் மனுப் போடுவது?

ஒரு மணி நேரம். ஒரு கொசு வரவில்லை. "இன்னிக்கு காத்து ஜாஸ்தி சார், நாளைக்கு..." என்றேன்.

"அன்னிக்குக் காத்துக்கு முதுகு காட்டலைன்னே. இன்னிக்குக் காத்து ஜாஸ்திங்கறே. நாளைக்கு என்ன சொல்லுவே?" என்று பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். போகும்போது என் தோளைத் தட்டினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

எண்ணெய்ப் பீப்பாய் வியாசர்பாடிக்குப் போயிற்று. வேறு சில தெருக்களுக்கும் போயிற்று. எங்கள் தெருவுக்கு அந்த வருஷம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

வீட்டில் என்ன சொன்னேன்? "அந்த இன்ஸ்பெக்டர் நம்ப தெருவ ஒதுக்கிட்டான்" என்றேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மாவும் தங்கையும் அந்த மனிதரைத் திட்டாத திட்டு இல்லை. நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் நானும் சேர்ந்து திட்டினேன், வெட்கமில்லாமல்.

ஆனியில் தங்கைக்கு மூன்றாவது தடவை ஜுரம் வந்தது. இந்தத் தடவை ஜுரம் இறங்கிற்று, கணுக்கால் வீக்கம் இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் கொலுசைப் பூட்டப் பார்த்தாள். பூட்டவில்லை. எண்ணெய் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டையும் கழற்றித் துணியில் முடிந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். கடற்கரைக்கு மீன் வாங்கப் போகிறதையும் அன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

மறு வருஷம் பங்குனியில் எண்ணெய்க்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டு பேர், கறுப்பேறிய வாளி, பிடி நீண்ட குவளை. ஒருவன் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தான். இன்னொருவன் எங்கள் வாசலில் நின்று, ஊற்றியாயிற்று என்று கையெழுத்து வாங்க ஆள் கூப்பிட்டான். தங்கை காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் அவள் காலைப் பார்த்துவிட்டான்.

"போன தபாவே இங்க வந்திருக்கணும்மா. இந்தத் தெருவுல கொசு இல்லன்னு எழுதிக் குட்த்துட்டாங்க" என்றான்.

"எழுதுவான், ஏன் எழுத மாட்டான்? அந்த இன்ஸ்பெக்டருதானே?"

"அவுரு எங்கம்மா எழுதறாரு? தெருவுல ஒக்காந்து கொசு புடிக்கிறாங்க இல்ல, அந்த ஆளு எழுதறதுதான். எங்க கொசு கம்மின்னு அந்த ஆளு எழுதறானோ அந்தத் தெரு கடைசில."

நான் அவளுக்குப் பின்னால் இரண்டடியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பினாள்.

"நீதானா?"

"நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"ஒரு வருசமா அந்த மனுசனப் போயி காலையும் சாய்ங்காலமும் ஏசிகினு கீறனே. அவன் காலு வீங்கணும், அவன் பொண்ணு காலு வீங்கணும்னு வாய்ல வந்ததெல்லாம் சொன்னனே. பக்கத்துல ஒக்காந்து கேட்டுகினுதானே இருந்த? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா நீ?"

எண்ணெய்க்காரன் காகிதத்தை நீட்டியபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அம்மா, "இன்னாடி அங்க சத்தம்?" என்று கேட்டாள்.

தங்கை காகிதத்தை வாங்கிக் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒண்ணியும் இல்லம்மா. எண்ணெ ஊத்த வந்துகிறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.